காயத்தில் ஒட்டிக்கொண்ட கட்டைப் பிரிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தையல், சிராய்ப்பு, சிறு தீக்காயம், சீழ்க்கட்டி அறுவை ஆகியவற்றுக்குக் கட்டுப் போட்டு, "வீட்டிலேயே மாற்றிக்கொள்ளுங்கள்" என்று அனுப்பப்பட்டவர்களுக்கான பக்கம் இது. மாவுக்கட்டையும், தோல் ஒட்டு அறுவைக்குப் போட்ட கட்டையும் வீட்டில் தொடக் கூடாது. அவற்றைப் போட்டவர்கள்தான் பிரிக்க வேண்டும்.

கட்டு ஏன் காயத்தோடு ஒட்டிக்கொள்கிறது?

காயத்திலிருந்து கசியும் நீர் வெறும் தண்ணீர் அல்ல. ரத்தத்தை உறைய வைக்கும் ஃபைப்ரின் என்ற புரதமும் அதில் இருக்கிறது. இந்த நீர் காஸ் (gauze) என்ற மெல்லிய வலைத்துணியின் கண்களுக்குள் இறங்கிக் காய்ந்தால், துணியும் பொருக்கும் ஒரே பாளமாக இறுகிவிடும். இரண்டு மூன்று நாள் அப்படியே விட்டால், அடியில் வளரும் புதுச்சதையும் அந்தக் கண்களுக்குள் நுழைந்துவிடும். அதன் பிறகு இழுத்தால் துணியோடு சேர்ந்து வருவது அழுக்கு அல்ல, உடம்பு மூன்று நாளாகக் கட்டிய புதுத்தோல்.

எல்லாவற்றிலும் மோசமானது காயத்தின் மேல் நேரடியாக வைத்த பஞ்சு. அதன் இழைகள் ஒவ்வொன்றாகப் பிய்ந்து உள்ளேயே தங்கும். பீட்டாடின் நனைத்த காஸும் நன்றாகக் காய்ந்தால் அட்டை மாதிரி விறைத்துக்கொள்ளும்.

முதல் கட்டை எப்போது பிரிக்கலாம்?

தையல் போட்ட சுத்தமான அறுவைக் காயத்துக்கு, வேறு எதுவும் சொல்லவில்லை என்றால், முதல் 48 மணி நேரம் தொடாமல் விடுவதே வழக்கம். அதற்குள் தையல் விளிம்புகளுக்கு மேல் மெல்லிய தோல் மூடியிருக்கும். டிஸ்சார்ஜ் சீட்டில் வேறு நாள் எழுதியிருந்தால் அதுதான் கணக்கு.

கட்டு நனைந்துவிட்டது, ரத்தமோ நீரோ வெளிப்பக்கம் வரை ஊறிவிட்டது, நாற்றம் வருகிறது, கழன்று சறுக்கிவிட்டது என்றால் காத்திருக்க வேண்டாம், அன்றே மாற்றுங்கள். ஆனால் தினமும் மாற்றினால் சீக்கிரம் ஆறும் என்ற எண்ணம் சரியல்ல. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் காயம் குளிர்ந்து, காய்ந்து, கொஞ்சம் கிழிந்து, பிறகுதான் திரும்ப வேலையைத் தொடங்குகிறது.

என்னென்ன எடுத்து வைக்க வேண்டும்?

மெடிக்கலில் 'நார்மல் சலைன்' என்று கேளுங்கள். 0.9 சதவீத உப்புநீர், 100 மி.லி. பாட்டில் ஒருமுறைக்குப் போதும். திறந்த பாட்டிலை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதால் பெரிய பாட்டில் வாங்குவதில் லாபம் இல்லை. கூடவே ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்சு, ஸ்டெரைல் காஸ் பாக்கெட், ஒரு அங்குல மைக்ரோபோர் டேப், முனை மழுங்கிய கத்தரி, கையுறை இரண்டு ஜோடி, பழைய செய்தித்தாள், ஒரு கவர்.

சலைன் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் குடிநீரைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, 9 கிராம் தூள் உப்பு (தலைதட்டிய ஒன்றரைத் தேக்கரண்டி) கரைத்து, மூடியே ஆறவிடுங்கள். கல் உப்பு வேண்டாம், அதில் மண் இருக்கும். மீந்ததை மறுநாள் பயன்படுத்தாதீர்கள்.

வலி அதிகம் இருக்கும் என்று தெரிந்தால், பெரியவர்கள் முக்கால் மணி நேரம் முன்பு 500 அல்லது 650 மி.கி. பாராசிட்டமால் ஒன்று போட்டுக்கொள்ளலாம். ஏற்கெனவே அன்று வேறு வலி மாத்திரை போட்டவர்களும், கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் போட வேண்டாம். குழந்தைகளுக்கு எடைக்கேற்ப மருத்துவர் சொன்ன அளவு மட்டும்.

சரி, எப்படிப் பிரிப்பது?

முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். அது தூசியைக் கிளப்பும், நீங்கள் நனைப்பதைக் காய வைத்துக்கொண்டே இருக்கும். காயம் பட்டவரைப் படுக்க வையுங்கள். தன் காயத்தைத் தானே பார்த்து மயங்கி விழுபவர்கள் நிறையப் பேர், அதில் வயதுக்கும் தைரியத்துக்கும் சம்பந்தமே இல்லை. சலைன் பாட்டிலை ஐந்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள். குளிர்ந்த நீர் காயத்தில் பட்டால் சுரீர் என்று இருக்கும். சோப்பு போட்டு 40 முதல் 60 நொடி கை கழுவி, கையுறை மாட்டுங்கள்.

மேலே சுற்றியிருக்கும் ரோலர் பேண்டேஜைச் சுற்றுச் சுற்றாகக் கழற்றலாம். அவசரம் என்றால் வெட்டலாம், ஆனால் காயத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்தில். கத்தரியின் மழுங்கிய முனை தோல் பக்கம் இருக்கட்டும். பிறகு டேப். நான்கு ஓரங்களிலிருந்தும் காயத்தை நோக்கி உள்பக்கமாக உரியுங்கள். காயத்திலிருந்து வெளியே இழுத்தால் விளிம்புகள் விலகும்.

மேலடுக்கு காஸ்கள் தானாக வரும். கடைசி அடுக்குதான் ஒட்டியிருக்கும், அங்கே கையை நிறுத்துங்கள். சலைனை ஊற்றி அந்த அடுக்கை முழுதாக நனைத்து, அதன் மேல் இன்னொரு நனைத்த காஸை வைத்து, 10 முதல் 15 நிமிடம் விடுங்கள். மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள். பெரும்பாலான வீடுகளில் தவறு நடப்பது இந்த இடத்தில்தான். ஒரு மூடி தண்ணீரைத் தெளித்துவிட்டு, இரண்டாவது நிமிடம் இழுத்துப் பார்ப்பார்கள். மேலே ஈரம் தெரிந்தாலும் அடியில் உள்ள பொருக்குக்கு நீர் இறங்க நேரம் ஆகும்.

பிறகு எந்த மூலை தளர்ந்திருக்கிறதோ அங்கிருந்து தொடங்குங்கள். துணியைச் செங்குத்தாகத் தூக்காமல், அதன் மேலேயே மடித்து, தோலை ஒட்டிக் கிடையாக நகர்த்துங்கள். மற்றொரு கை விரல், துணி பிரியும் கோட்டுக்குப் பக்கத்தில் தோலை அழுத்திப் பிடித்திருக்கட்டும். எங்கே இறுகுகிறதோ, சிரிஞ்சால் சரியாக அந்தக் கோட்டில் நான்கைந்து சொட்டு விட்டு, அரை நிமிடம் பொறுத்து, மீண்டும் நகர்த்துங்கள்.

தையல் இருந்தால் அதன் நீளவாக்கில் உரியுங்கள், குறுக்கே வேண்டாம். கறுப்பு நூலின் முடிச்சு நுனிகள் காஸுக்குள் சிக்கியிருக்கலாம். இழுபட்டால் குனிந்து பார்த்து, சிக்கிய இடத்தில் காஸின் இழையை வெட்டுங்கள். தையல் நூல் எது என்று சந்தேகம் வந்தால் எதையும் வெட்ட வேண்டாம்.

வந்த கட்டைத் தூக்கிப் போடும் முன் ஒரு முறை பாருங்கள். எவ்வளவு ஊறியிருக்கிறது, என்ன நிறம், நாற்றம் உண்டா என்று மருத்துவர் கேட்பார். பிறகு அந்தக் கையுறையைக் கழற்றி, கை கழுவி, புதியதை மாட்டிய பின்புதான் புதுக் கட்டைத் தொட வேண்டும்.

அரை மணி நேரம் நனைத்தும் வரவில்லையே?

சுற்றிலும் தளர்ந்த பகுதியை வெட்டிவிட்டு, ஒட்டிய துண்டை மட்டும் விட்டு, அதன் மேல் ஈரமான காஸும் அதற்கு மேல் உலர்ந்த காஸும் வைத்துக் கட்டுங்கள். சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ முயன்றால் பெரும்பாலும் வந்துவிடும். கை, கால் சிராய்ப்பு என்றால் குளிக்கும்போது மெல்லிய நீர்த்தாரையில் காட்டலாம். இரண்டாம் முறையும் வராவிட்டாலும், வலி தாங்க முடியாவிட்டாலும், மருத்துவமனை டிரெஸ்ஸிங் அறைக்குப் போய்விடுங்கள்.

பிரிக்கும்போது ரத்தம் வந்துவிட்டது. என்ன செய்வது?

அங்கங்கே பொட்டுப் பொட்டாகக் கசிவது சகஜம். சுத்தமான காஸை வைத்து 10 நிமிடம் கடிகாரம் பார்த்து அழுத்துங்கள், நடுவில் தூக்கிப் பார்க்காமல். பார்க்கும் ஒவ்வொரு முறையும் அப்போதுதான் உறைந்தது பிய்ந்து, கணக்கு முதலிலிருந்து தொடங்கும். ஊறினால் எடுக்காமல் மேலே இன்னொன்று வையுங்கள். கை, கால் என்றால் நெஞ்சு மட்டத்துக்கு மேல் உயர்த்துங்கள்.

ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நிற்கக் கூடுதல் நேரம் ஆகும். அதற்காக மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. 15 நிமிடம் விடாமல் அழுத்தியும் நிற்கவில்லை என்றால் மருத்துவமனை. பீய்ச்சி அடித்தால் நிமிடம் எண்ணாமல், அழுத்தியபடியே உடனே 108.

பிளாஸ்திரியை ஒரே இழுப்பாக இழுத்தால் வலி குறைவு என்கிறார்களே?

அதற்கு ஒரு சோதனையே உண்டு. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர்களுக்குப் பிளாஸ்திரி ஒட்டி உரித்துப் பார்த்தார்கள். வேகமாக இழுத்ததுதான் குறைவாக வலித்தது என்று 2009-இல் முடிவு வெளியானது. ஆனால் அது ஆரோக்கியமான இளைஞர்களின், புண்ணே இல்லாத தோல். விரலில் ஒட்டிய சிறு பேண்ட்-எய்டுக்கு அந்த முடிவு பொருந்தும். காயத்தோடு ஒட்டிய கட்டுக்கும், முதியவர் தோலுக்கும், கைக்குழந்தைக்கும் பொருந்தாது. அங்கே வலியைவிடத் தோல் கிழிவதுதான் கவலை.

டேப்பை முடி வளரும் திசையில் உரியுங்கள். பசை விடவில்லை என்றால் ஓரத்தில் தேங்காய் எண்ணெய் அல்லது பேபி ஆயிலைப் பஞ்சில் தொட்டுத் தடவி, ஐந்து நிமிடம் பொறுங்கள். எண்ணெய் காயத்துக்குள் இறங்கக் கூடாது. பிறகு சோப்புநீரால் அந்தத் தோலைத் துடைத்து உலர்த்தாவிட்டால் அடுத்த டேப் நிற்காது.

டேப் ஒட்டிய இடம் மட்டும் சதுரமாகச் சிவந்து அரித்தால் அது பெரும்பாலும் பசை ஒவ்வாமை. வேறு டேப்புக்கு மாறுங்கள், அல்லது டேப்பே இல்லாமல் ரோலர் சுற்றுங்கள்.

அடியில் மஞ்சளாக இருக்கிறது. சீழ் வைத்துவிட்டதா?

மஞ்சள் எல்லாம் சீழ் அல்ல. வைக்கோல் நிறத்தில் தெளிவாக, நீர்த்துக் கசிவது இயல்பு. காயத்தின் மேல் ஈரமாக, மெல்லிய மஞ்சள் படலம் ஒட்டியிருந்தால் அது ஃபைப்ரினோ செத்த திசுவோ. தேய்த்து எடுக்க முயலாதீர்கள். ஹைட்ரோகொலாய்டு வகைக் கட்டுப் போட்டிருந்தால், அதுவே கரைந்து மஞ்சள் கூழாகி ஒரு வாடையும் வரும். கழுவிவிட்டுப் பார்த்தால் அடியில் காயம் சுத்தமாக இருக்கும்.

கெட்டியான, கலங்கிய, நாறும் கசிவு, நாளுக்கு நாள் குறையாமல் ஏறும் வலி, பரவும் வீக்கம், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் ஆகியவைதான் தொற்றின் அடையாளம். காயத்தைச் சுற்றிச் சிவக்கும் என்று புத்தகங்கள் சொல்கின்றன. மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தச் சிவப்பு சரியாகத் தெரியாது. தோல் பளபளவென்று இறுகியிருக்கிறதா, கருமை கூடியிருக்கிறதா, புறங்கையால் தொட்டால் சுடுகிறதா என்று பாருங்கள். மாறுதல் தெரியும் எல்லையைப் பேனாவால் கோடு போட்டு வைத்து, சில மணி நேரத்தில் அது கோட்டைத் தாண்டினால் அன்றே காட்டுங்கள். காயத்திலிருந்து மேல்நோக்கிக் கோடு போல ஏறினாலும் அப்படித்தான்.

சுற்றியுள்ள தோல் வெளுத்துச் சுருங்கி, நெடுநேரம் தண்ணீரில் ஊறிய விரல் போல இருந்தால், கட்டு ஈரத்தை உறிஞ்ச முடியாமல் திணறுகிறது என்று பொருள். காஸ் அடுக்கைக் கூட்டுங்கள், கொஞ்சம் சீக்கிரம் மாற்றுங்கள்.

அப்பாவுக்குச் சர்க்கரை. காலில் புண். நாங்களே பிரிக்கலாமா?

மருத்துவர் கற்றுக்கொடுத்து அனுமதித்திருந்தால் மட்டும். மற்றவர்களுக்கு "ஐயோ, நிறுத்து" என்று சொல்ல வலி இருக்கிறது. நரம்பு மரத்த காலில் அந்தக் காவல் இல்லை. கட்டோடு சதை வந்தாலும் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அதனால் மற்றவர்களுக்குச் சொன்னதைப் போல இரு மடங்கு நேரம் நனையுங்கள்.

காலை வாளித் தண்ணீரில் முக்கி ஊற வைக்காதீர்கள். தோல் நைந்து வெடிக்கும், தண்ணீர் கொதியாக இருந்தாலும் அவருக்குத் தெரியாது. கட்டின் மேல் மட்டும் சலைன் ஊற்றினால் போதும். பிரித்த பின் விரலிடுக்கு, குதிகால், பாதத்தின் அடிப்பகுதி எல்லாவற்றையும் விளக்கடியில் பாருங்கள். புண் ஒன்றுதான் என்று நினைத்த இடத்தில் இன்னொன்று இருக்கும். விரலைச் சுற்றி வளையமாக டேப் ஒட்டக் கூடாது. கறுத்த திட்டு, அழுகல் வாடை, விரல் குளிர்ந்து நீலம் பாய்தல், தோலுக்கடியில் தொட்டால் நொறுநொறுப்பு, இதில் எது இருந்தாலும் மறுநாள் வரை தள்ள வேண்டாம்.

பாட்டிக்குத் தோல் காகிதம் மாதிரி. டேப் எடுத்தாலே கிழிகிறது.

தோலில் டேப்பே வேண்டாம். ஒட்டாத வகைக் காஸ் வைத்து, ரோலரை லேசாகச் சுற்றி, டேப்பை ரோலரின் மேலேயே ஒட்டுங்கள். ஏற்கெனவே தோல் உரிந்து மடல் மாதிரி நிற்கிறது என்றால், மடல் ஒட்டியிருக்கும் பக்கத்திலிருந்து நுனியை நோக்கிப் பிரிக்க வேண்டும். எதிர்த்திசையில் இழுத்தால் மடல் மறுபடி தூக்கிக்கொள்ளும். கட்டுப் போடும்போதே மேலே பேனாவால் ஒரு அம்புக்குறி வரைந்து வையுங்கள். மூன்று நாள் கழித்துப் பிரிப்பவர் நீங்களாக இல்லாமல் போகலாம்.

குழந்தைக்குச் சுடுநீர் கொட்டிய காயம். மருந்துவலை ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது.

அது பாராஃபின் தடவிய வலைத்துணியாக இருக்கும். நனைத்தும் வராமல், அடியில் உலர்ந்து, நாற்றமோ கசிவோ இல்லாமல் இருந்தால் நல்ல அறிகுறியாகவே கொள்ளலாம். கீழே தோல் மூடிக்கொண்டிருக்கிறது. மருத்துவரிடம் காட்டிக் கேட்டுவிட்டு, தூக்கி நிற்கும் ஓரங்களை மட்டும் கத்தரித்து விட்டால், மற்றது தோல் மூடியதும் தானே உதிரும். கொப்புளத்தின் மேல்தோலை உரிக்க வேண்டாம். முகம், கை, பிறப்புறுப்பு, மூட்டு ஆகிய இடங்களின் தீக்காயத்தை முதலிலிருந்தே மருத்துவமனையில்தான் பார்க்க வேண்டும்.

பிரிக்கும் வேலையில் கொஞ்சத்தைக் குழந்தையிடமே கொடுங்கள். டேப்பின் ஒரு ஓரத்தைத் தானே உரிக்கும் குழந்தை குறைவாக அழும்.

சீழ்க்கட்டியைக் கீறி உள்ளே திரி வைத்திருக்கிறார்கள். எடுக்கலாமா?

எத்தனை திரி வைத்தார்கள் என்று தெரிந்தால் மட்டும். வெளியே நீட்டியிருக்கும் நுனியைப் பிடித்து, சலைன் விட்டுக்கொண்டே, குழி போகும் திசையிலேயே மெதுவாக இழுங்கள். வந்ததைத் தட்டில் நீட்டி, முழு நீளமும் வந்ததா, நுனி பிய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே தங்கிய ஒரு துண்டு போதும், வாரக் கணக்கில் கசிந்துகொண்டே இருக்க. ஆசனவாய்ப் பக்கம் என்றால் இளஞ்சூட்டுத் தண்ணீரில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் திரி தளர்ந்துவிடும்.

விரல் கட்டு இறுக்கமாக இருக்கிறது. பிரித்துத்தான் ஆக வேண்டுமா?

கட்டுக்கு வெளியே தெரியும் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்தது இரண்டு நொடியில் பழைய நிறத்துக்கு வர வேண்டும். வராவிட்டாலும், விரல் மரத்தாலும், குளிர்ந்தாலும், நீலம் பாய்ந்தாலும், நாள் கணக்குப் பார்க்காமல் உடனே தளர்த்துங்கள். அதற்கு நனைக்கும் நேரம் எல்லாம் தேவையில்லை, மேல் சுற்றை வெட்டினாலே போதும். மாவுக்கட்டில் இப்படி ஆனால் இரவு எந்த நேரமானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

சுளுக்குக்குப் போட்ட க்ரேப் பேண்டேஜை வெட்ட வேண்டாம். கழற்றும்போதே சுருட்டிக்கொண்டு வந்தால் மறுபடி போட எளிது.

டெட்டால், ஹைட்ரஜன் பெராக்சைடு, காபித்தூள்?

பெராக்சைடு நுரைத்துக் கட்டைத் தளர்த்தும் என்பது உண்மை. கிருமியோடு சேர்த்துப் புது உயிரணுக்களையும் அரிக்கும் என்பதும் உண்மை. சலைன் செய்யாத எதையும் அது செய்யப் போவதில்லை, பத்து நிமிடம் மிச்சப்படுத்துவதைத் தவிர. டெட்டாலும் ஸ்பிரிட்டும் திறந்த காயத்துக்கு உரியவை அல்ல. காபித்தூள் ரத்தத்தை நிறுத்துவதாகத் தோன்றுவது, அது ரத்தத்தோடு சேர்ந்து கெட்டியாவதால். அந்தக் கட்டியைச் சுரண்டாமல் எடுக்கப் படும் பாடு டிரெஸ்ஸிங் அறையில் இருப்பவர்களைக் கேட்டால் தெரியும். சாம்பலும் சாணியும் ரணஜன்னிக்கு (டெட்டனஸ்) வழி.

டெட்டனஸ் தடுப்பூசி விஷயமும் இங்கேயே: சுத்தமான சிறு காயத்துக்குக் கடைசி ஊசி போட்டு 10 ஆண்டும், அழுக்குக் காயத்துக்கு 5 ஆண்டும் கடந்திருந்தால் மறுபடி போட வேண்டும். எப்போது போட்டோம் என்றே நினைவில்லை என்றாலும் போய்க் கேளுங்கள்.

அடுத்த முறை ஒட்டாமல் இருக்க?

காயத்தில் படும் முதல் அடுக்கு எது என்பதுதான் விஷயம். பாராஃபின் வலை, சிலிக்கோன் வலை, அல்லது பளபளப்பான முகம் கொண்ட ஒட்டாத பேட், இவற்றில் ஒன்று காயத்தின் மேல். அதற்கு மேல் உறிஞ்ச காஸ். பஞ்சு வைத்தே ஆக வேண்டும் என்றால் காஸுக்கு மேல்தான். மருத்துவர் களிம்பு கொடுத்திருந்தால் காயம் மறையும் அளவு தடவுங்கள், சொட்டச் சொட்ட அல்ல.

"காற்றாட விட்டால்தான் ஆறும்" என்று பெரியவர்கள் சொல்வதற்கு 1962-லேயே பதில் வந்துவிட்டது. ஜார்ஜ் வின்டர் பன்றிகளின் தோலில் செய்த ஆய்வில், ஈரம் காக்கப்பட்ட காயம், காற்றில் பொருக்குத் தட்டியதைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் தோல் மூடியது. ஈரம் என்றால் மிதமான ஈரம். சித்திரை வெயிலில் வியர்த்து ஊறிய கட்டு அந்தக் கணக்கில் வராது, அதை மாற்றித்தான் ஆக வேண்டும்.

எப்போது கட்டே இல்லாமல் விடலாம்?

கசிவு நின்று, இளஞ்சிவப்பில் உலர்ந்த தோல் முழுதாக மூடியதும். தையல் முகத்தில் 3 முதல் 5 நாளிலும், தலையிலும் உடம்பிலும் 7 முதல் 10 நாளிலும், கை, கால், மூட்டுகளில் 10 முதல் 14 நாளிலும் பிரிப்பது வழக்கம். தையலைப் பிரிப்பது டிரெஸ்ஸிங் பிரிப்பது போன்றதல்ல, அதற்கு மருத்துவமனைக்குப் போங்கள்.

பழைய கட்டை எங்கே போடுவது?

செய்தித்தாளில் சுற்றி, கவரில் போட்டு முடிந்து, மக்கும் குப்பையோடும் பிளாஸ்டிக்கோடும் கலக்காமல், நாப்கின், டயப்பர் போடும் குப்பையோடு தனியாகக் கொடுங்கள். டாய்லெட்டில் போட்டால் அடைக்கும். மாடியில் வைத்துக் கொளுத்த வேண்டாம், டேப்பும் பிளாஸ்டிக்தான். சிரிஞ்சில் ஊசி இருந்தால் அது தனி: மூடியுள்ள கெட்டியான டப்பாவில் போட்டு, வாங்குவார்களா என்று மருத்துவமனையிலோ மெடிக்கலிலோ கேளுங்கள். குப்பை பிரிப்பவர் கையில் அது குத்தக் கூடாது.